கழகத்துத் தொண்டு: எதை எடுப்பது, எதை விடுவது

றோட்டரி, லயன்ஸ் கழகங்களுக்கு வருடம் பிறப்பது சித்திரையில் அல்ல, ஜூலை முதலாம் திகதி. பழைய தலைவர் பதக்கத்தைக் கழற்றிப் புதியவரின் கழுத்தில் இடுகிறார். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கான திட்டங்கள் மேடையில் வாசிக்கப்படுகின்றன: கண் பரிசோதனை முகாம், இரத்ததானம், மரநடுகை, கொப்பி வழங்கல், முதியோர் இல்லத்தில் மதிய உணவு. போன வருடம் வாசித்ததும் ஏறத்தாழ இதேதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் சனசமூக நிலையங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் நிலைமை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை.

அங்கத்தவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. கையில் உள்ள நேரத்துக்கும் ஆட்களுக்கும் எந்தப் பணி பொருந்தும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம்தான் எங்களிடம் குறைவு. தலைவர் பதவி ஓராண்டு. குடாநாட்டின் தேவைகளில் பல ஓராண்டுக்குள் அடங்காதவை. ஆகவே எந்தத் திட்டத்தை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இன்று செய்தால் இன்றே பலன் தருமா, அல்லது அடுத்த ஜூலைக்குப் பிறகும் யாராவது தொடர்ந்தால்தான் பலன் தருமா? இரண்டும் நல்ல பணிகளே. தொடர வேண்டிய பணியை ஒருநாள் விழாவாகச் செய்து முடிக்கும்போதுதான் பணமும் வியர்வையும் வீணாகின்றன.

ஒரு காலைப்பொழுது மட்டுமே உள்ளவருக்கு

கடை, வங்கி, கந்தோர் என்று கிழமை முழுவதும் கட்டுண்டிருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இரத்ததானம். இலங்கையில் இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. தன்னார்வக் கொடையாளர்களை நம்பியே இரத்த வங்கிகள் இயங்குகின்றன. 18 வயதுக்கு மேல், 60க்குக் கீழ், எடை 50 கிலோவுக்குக் குறையாமல், முன்பு கொடுத்து நான்கு மாதம் கடந்திருந்தால் அடையாள அட்டையோடு போகலாம். அண்மையில் இந்தியா போன்ற மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்தவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள், தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போய்வருவோர் நிறைந்த ஊர் இது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒருநாள் பணிகளில் இதற்கு நிகர் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் இதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. செங்குருதிக் கலங்களைக் குளிரில் ஐந்தாறு கிழமைதான் வைத்திருக்கலாம். குருதிச் சிறுதட்டுகளுக்கு ஐந்து நாளே ஆயுள். ஒரே நினைவு நாளுக்கோ ஒரே திருவிழாவுக்கோ பல கழகங்கள் முகாம் வைத்தால் அந்தக் கிழமை இரத்தம் மிஞ்சும், இரண்டு மாதம் கழித்துத் தட்டுப்படும். ஆகவே திகதியை நீங்கள் முடிவு செய்துவிட்டு இரத்த வங்கிக்கு அறிவிக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலை இரத்த வங்கியிடம் "உங்களுக்கு எந்த மாதம் குறைவு?" என்று கேட்டு அந்த மாதத்தை எடுங்கள். கழகத்தின் பிறந்தநாள் அன்று இல்லாவிட்டால் என்ன?

ஒரே நாளில் முடியும் இன்னொரு நல்ல பணி திருவிழாக்காலத் தொண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். வெயிலில் மயங்கி விழுகிறவர்கள், கூட்டத்தில் தவறிப்போகும் பிள்ளைகள், குவியும் பிளாஸ்ரிக் போத்தல்கள் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. இளைஞர்களுக்கு, குறிப்பாக லியோ, இன்ரறக்ட் இளையோர் கழகப் பிள்ளைகளுக்கு, இதுதான் நல்ல பயிற்சிக்களம். தனிக் கூடாரம் போட்டுக் கழகப் பதாகை கட்டுவதை விட, ஏற்கெனவே அங்கே நிற்கும் சென்ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையிடமோ செஞ்சிலுவைச் சங்கத்திடமோ முதலுதவிப் பயிற்சி பெற்று அவர்களோடு நிற்பது மேல். பயிற்சி பிறகும் உதவும். தண்ணீர்ப் பந்தல் வைப்பதானால் கண்ணாடி அல்லது சில்வர் குவளை வையுங்கள். பிளாஸ்ரிக் கோப்பையில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுநாள் அதைப் பொறுக்க வேறொரு கழகம் வரவேண்டிய நிலை வரக்கூடாது.

கண் முகாம் ஒருநாள் வேலை அல்ல

லயன்ஸ் இயக்கத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் இன்றும் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் கண் பரிசோதனை முகாமாக நடக்கிறது.

வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும் நாற்பது வயதுக்காரருக்கு முகாம் அன்றே உதவி கிடைத்துவிடும். கண்புரை உள்ள எழுபது வயதுக்காரிக்கு முகாம் ஆரம்பம் மட்டுமே. அவருக்கு வைத்தியசாலையில் திகதி எடுக்க வேண்டும், இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சத்திரசிகிச்சை நாளில் கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் வேண்டும், பிறகு ஒரு மாதமளவில் நாளுக்குச் சிலதடவை கண்ணுக்குச் சொட்டுமருந்து விட ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அந்தக் கடைசி வேலைதான் தடைப்படும். முகாமில் இருநூறு பேரைப் பார்த்தோம் என்று அறிக்கை எழுதுவது எளிது. கண்புரை என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள் என்ற எண்ணை எழுதக்கூடிய கழகமே இந்தப் பணியை எடுக்கத் தகுந்தது. பத்து அங்கத்தவர்கள் மட்டுமே உள்ள கழகம் இருநூறு பேருக்கு முகாம் வைக்காமல், கண் சிகிச்சைப் பிரிவு தரும் பட்டியலில் தனித்திருக்கும் இருபது பேருக்கு முச்சக்கரவண்டியும் துணையும் சொட்டுமருந்துக்கு ஆளும் ஏற்பாடு செய்யட்டும். அது பெரிய காரியம்.

மாரி காலம்

குடாநாட்டுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிடும். டெங்கும் அதோடு வரும். ஆகவே ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் என்பது கழகங்களின் வழமை. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன கனத்தொலுவக் கிராமத்தில் தொடங்கிய சிரமதான முகாமிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. நாட்டின் எல்லா மொழியினரும் ஏற்றுக்கொண்ட நல்ல பழக்கம். ஆனால் நுளம்பின் கணக்கு வேறு. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வர ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த சட்டியில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். மாதம் ஒருமுறை நூறு பேர் சேர்ந்து வீதி கூட்டுவதிலும் பார்க்க, கிழமைக்கு ஒருமுறை நான்கு பேர் ஒரு ஒழுங்கையின் இருபது வளவுகளைச் சுற்றிப் பார்ப்பதால்தான் நுளம்பு குறையும்.

எங்கள் மண்ணுக்கு இன்னொரு தனி விஷயமும் உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் வளரும் என்று நீண்டகாலம் நம்பியிருந்தோம். யாழ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு, அது உவர் கலந்த நீரிலும் வளர்வதைக் காட்டியது. கரையோரத்துக் கைவிட்ட கிணறும், மணலில் கவிழ்க்காமல் விட்ட பழைய படகும் கணக்கில் சேர வேண்டும் என்பதே இதன் பொருள். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் ஸ்ரெபன்சி என்னும் இந்திய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்குப் பிடித்த இடங்கள். வீட்டுக்கு வீடு கிணறுள்ள இந்தக் குடாநாட்டில், பாவிக்காத கிணறுகளைக் கணக்கெடுத்து வலை போடுவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சொற்படி மீன் விடுவதும் ஒரு கழகத்துக்கு வருடம் முழுவதும் போதுமான வேலை. பெரும்பாலும் யாரும் எடுக்காத வேலையும் அதுதான். நீங்களாகவே கிணற்றுக்குள் எண்ணெயோ மருந்தோ ஊற்ற வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் ஒரு கிணற்றில் ஊற்றியது அயல் கிணற்றுக்கும் போகும்.

வெள்ளம் வந்தபின் இறங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. 2024 கார்த்திகை மழைக்குப் பிறகு வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. தேங்கிய நீரில் வெறுங்காலோடு நிற்கும் தொண்டருக்கும் அது வரும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு, நீள்சப்பாத்தும் கையுறையும் போட்டு, காயத்தை மூடிக்கொண்டே இறங்குங்கள். காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளிலும் முகமாலைப் பக்கத்திலும் பற்றை வெட்டப் போகும் கழகங்கள், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்யாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது. சந்தேகமான இரும்பு எதைக் கண்டாலும் கை வைக்காமல் விலகிப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். உற்சாகமான இளைஞர்களை அழைத்துப் போகும் பொறுப்பாளர் இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மரமா, பனையா, கண்டலா

கார்த்திகையில் நடும் கன்று தையில் பச்சையாக நிற்கும். பங்குனி வெயிலில்தான் அதன் உண்மையான சோதனை. வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது. வீதியோரக் கன்றுக்கு ஒன்பது மாதம் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார், ஆட்டிடமிருந்து காக்க வேலி யார் கட்டுவது என்ற இரண்டுக்கும் பெயர் சொல்ல முடியாவிட்டால் வீதியில் நடவேண்டாம். வேம்போ மருதோ நடுவதானால் பாடசாலை வளவில், ஒரு கன்றுக்கு ஒரு வகுப்பு என்று பொறுப்புக் கொடுத்து, ஐந்து கன்று நடுங்கள். ஐநூறு கன்று நட்ட செய்தியை விட, மூன்று வருடம் கழித்து நிற்கும் ஐந்து மரம் ஊருக்கு நிழல் தரும்.

தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கழகத்துக்கு என் முதல் தெரிவு பனை விதை. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். விதை பொறுக்கக் காசு வேண்டாம். மழை தொடங்குமுன் குளக்கட்டிலோ கடலோர வெளியிலோ பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்து வைத்தால், முளை முதலில் நிலத்துக்குள் ஆழ இறங்கி, அதன்பிறகே ஓலை காட்டும். கோடையைத் தாங்க அதற்கு வேறு யாருடைய உதவியும் வேண்டாம். யுத்த காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் என்று குடாநாடு இழந்த பனைகள் எண்ணற்றவை. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் இடம் காட்டும். மின்கம்பிக்குக் கீழும், வருங்காலத்தில் வீதி அகலிக்கக்கூடிய ஓரத்திலும் வைக்காமல் இருந்தால் சரி. பனை காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அது நட்ட தலைவரின் படத்துக்கு உதவாது, பேரப்பிள்ளைக்கு உதவும்.

கண்டல் நடுகை இப்போது பலருக்கு விருப்பமான திட்டம். தொண்டைமானாற்றிலும் தீவகக் கரைகளிலும் சேற்றில் இறங்கிக் கன்று நடும் காட்சி அழகானதுதான். ஆனால் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட 1,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கண்டலில் ஐந்தில் ஒரு பங்களவே பிழைத்தது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தவறான இடம், தவறான இனம், நட்டபின் பராமரிப்பின்மை ஆகியவையே காரணம். இதைத் துறைசார்ந்த ஒருவரின் வழிகாட்டல் இல்லாமல் எடுக்காதீர்கள். இருக்கின்ற கண்டல் வேர்களில் சிக்கிய வலையையும் பிளாஸ்ரிக்கையும் அகற்றினாலே அது தானாகப் பெருகும். அதற்கு ஒரு காலைப்பொழுதும் சாக்கும் கையுறையும் போதும்.

கற்பித்தல்: வாக்குக் கொடுக்க முடிந்தவருக்கு மட்டும்

கொப்பி வழங்கலைப் பற்றி என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்கவைத்து, கொப்பியின் ஒரு முனையைப் பிள்ளையும் மறுமுனையைத் தலைவரும் பிடித்தபடி எடுக்கும் படம் அந்தப் பிள்ளையின் வறுமையை ஊரறியச் செய்கிறது. கொடுக்க விரும்பினால் அதிபரிடம் கொடுங்கள், அவர் யாருக்குத் தேவை என்று அறிவார். படம் வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கொப்பியை விடக் குறைவாக இருப்பது ஆசிரியர். தீவகத்தில் இது கூர்மையாகத் தெரியும். வேலணை, புங்குடுதீவு, காரைநகருக்கு வீதி இருக்கிறது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலமளவு கடல். சோளகம் எழுந்தால் படகு நிற்கும், கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் நாட்கணக்கில் நிற்கும். அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகளுக்கும் இதே கதி. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அங்கே போய்வர ஆள் கிடைப்பது அரிது. கழகங்களிலோ ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் நிறைந்திருக்கிறார்கள்.

எனவே இதை எடுக்கலாமா? மூன்று பேர் சேர்ந்து ஒரு வருடம் சனிக்கிழமை தவறாமல் போக முடியுமானால் எடுக்கலாம். ஒருவர் நோயுற்றால் மற்றவர் போவார் என்பதற்குத்தான் மூன்று. அந்த உறுதி இல்லாவிட்டால் வேண்டாம். நான்கு கிழமை வந்து பிறகு வராமல் விடும் ஆசிரியரால் பிள்ளைக்கு நட்டம்தான். தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற பாடத்தையே அது கற்கும். வாக்குக் கொடுக்க முடியாத கழகம், படகு ஓடாத நாளில் தீவில் தங்கிப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு விடுதி அறை திருத்திக் கொடுக்கட்டும், அல்லது சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மூன்றுநாள் கணிதப் பட்டறை நடத்தட்டும். அவை ஓராண்டுக்குள் முழுமையாக முடியும் பணிகள். எதுவானாலும் அதிபரின் எழுத்து அனுமதியோடு செல்லுங்கள். பிள்ளையோடு எந்தத் தொண்டரும் தனியறையில் இருக்கக்கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

கடல் கடக்க முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே வேறொரு பணி உண்டு. சுன்னாகத்து வாழ்வகத்திலும் கைதடி நபீல்ட் பாடசாலையிலும் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிறார்கள். பாடநூலைத் தெளிவாக வாசித்து ஒலிப்பதிவு செய்வது வீட்டிலிருந்தே இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் செய்யக்கூடியது. எந்த அத்தியாயம் தேவை, எந்த மாதத்துக்குள் என்று நிறுவனத்திடம் கேட்டுத் தொடங்குங்கள். ஒரே நூலை மூன்று கழகங்கள் பதிவு செய்து பயனில்லை.

முதியோர்: மதிய உணவுக்கு அப்பால்

கைதடி முதியோர் இல்லத்துக்குப் பிறந்தநாளிலும் திவசத்திலும் சோறு கொடுக்கப் பலர் வருகிறார்கள், அது நல்லதே. ஆனால் இந்தக் குடாநாட்டின் பெரிய முதியோர் இல்லத்துக்குச் சுவரே இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பிள்ளைகள் இருக்க, பெரிய வீட்டின் ஒரு அறையில் மட்டும் விளக்கெரியும் வளவுகள்தான் அது. அங்கே காசுக்குக் குறைவு இருப்பதில்லை. கிளினிக் நாளில் விடிய எழும்பி வரிசையில் நிற்க, குளிசைப் பெட்டியைக் காலை, இரவு என்று பிரித்து வைக்க, கைபேசியில் பேரனின் முகத்தை எடுத்துக் காட்ட, ஓய்வூதியக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் கழகங்களுக்கு மிகவும் பொருத்தமான, மிகக் குறைவாக எடுக்கப்படும் பணி இதுவென்று நான் உறுதியாக நம்புகிறேன். செலவு ஏறக்குறைய இல்லை. தேவை எல்லாம் ஒரு அங்கத்தவர், ஒரு வீடு, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். அங்கத்தவரின் மனைவியோ கணவரோ கூடப் போனால் இன்னும் நல்லது. தனித்திருக்கும் அம்மாவுக்கு அச்சமிராது. முதல் நாள் போகும்போதே ஆச்சி கேட்பார்: "தம்பி, அடுத்த கிழமையும் வருவியளோ?" அதற்கு உண்மையாக ஓம் சொல்ல முடிந்தவரே போக வேண்டும். சாமான் பொதி கொண்டு போக வேண்டாம். காசு விடயத்தில் கை வைக்கவே வேண்டாம்: வங்கிப் புத்தகம், உறுதி, நகை எதையும் தொண்டர் பொறுப்பேற்கக்கூடாது. வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் இலக்கத்தை வாங்கி, வருவது யார் என்று அவருக்கும் தெரியப்படுத்துங்கள். யாருடைய வீட்டில் தொடங்குவது என்பதைக் கழகக் கூட்டத்தில் ஊகிக்க வேண்டாம். சனசமூக நிலையத்தாருக்கும் மாதர் சங்கத்தாருக்கும் ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியும்.

சக்கர நாற்காலியோ செயற்கைக் காலோ தேவைப்படுவோரைக் கண்டால் 1987 முதல் இயங்கும் யாழ் ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குக் கூட்டிப் போகலாம். காலுக்குக் காசு கொடுக்கும் கழகம் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: செயற்கைக் கால் தேயும், சில வருடத்தில் மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு அதற்கு முன்பே. பத்துப் பேருக்கு ஒருமுறை கொடுப்பதா, மூன்று பேரைத் தொடர்ந்து பார்ப்பதா என்றால் மூன்றையே நான் எடுப்பேன்.

பேனாவும் காசும்

உடல் உழைக்க இயலாத மூத்த அங்கத்தவர்களுக்கு மேசைப் பணி இருக்கிறது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியில் இடம்பெறாதவர்கள் மேன்முறையீட்டுப் படிவத்தோடு அலைகிறார்கள். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசிக்க ஆள் தேடுகிறார்கள். சிங்களம் அறிந்த இருவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் சனசமூக நிலையத்தில் புதன் பின்னேரம் இருந்தால் ஊருக்கே உதவி. வீட்டு அலுமாரியில் பழைய சஞ்சிகையும் விழா மலரும் வைத்திருப்போர், 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்கு மின்வருடக் கொடுக்கலாம். 1981இல் யாழ் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரில், கறையான் தின்னும் முன் ஒரு மலரைக் காப்பதும் சேவையே.

காசு திரட்டும் பெருநிகழ்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாளில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தொண்டர்கள் நடந்து நிதி திரட்டினார்கள். அதில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கட்டடம் எழுந்தபின் வைத்தியரும் தாதியும் சம்பளமும் அரச சுகாதாரத் துறையின் பொறுப்பு என்பதால்தான் அது இன்றும் நடக்கிறது. உங்கள் கழகம் ஓட்டமோ நடையோ இசை நிகழ்ச்சியோ வைப்பதானால், திரட்டும் காசை யாரிடம் கொடுத்தால் பத்து வருடம் கழித்தும் வேலை நடக்குமோ அவரை முதலில் கண்டுபிடியுங்கள். நிகழ்வுச் செலவு வரவில் பாதியைத் தொடுமென்றால் நிகழ்வை விட்டு அங்கத்தவர்களே நேரே கொடுத்துவிடுவது நல்லது. புலம்பெயர்ந்த ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அனுப்பும் காசுக்குக் கழகம் கையாக இருக்கலாம். அப்போது பற்றுச்சீட்டோடு கூடிய கணக்கறிக்கை மாதாமாதம் அவர்களுக்குப் போகவேண்டும், கேட்டபின் அல்ல.

தேர்வை எப்போது செய்வது? ஜூலை மேடையில் அல்ல, மே மாதத்தில். இப்போதைய தலைவர், வரப்போகும் தலைவர், அதற்கடுத்து வரக்கூடியவர் மூவரும் ஒன்றாக இருந்து, தொடர வேண்டிய பணி ஒன்றை மட்டும் எடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று வருடத்துக்கு அதை மாற்றமாட்டோம் என்று கூட்ட அறிக்கையில் பதிந்து மூவரும் கையெழுத்திடுங்கள். மிச்சமுள்ள விருப்பங்களை ஒருநாள் பணிகளால் நிரப்பிக்கொள்ளலாம். தொடர்பணிக்கென்று ஒரு கோவை திறந்து, போகும் வீடுகளின் பட்டியல், அதிபர், கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தொலைபேசி இலக்கங்கள், எந்தச் சனிக்கிழமை யார் போனார், யார் போகவில்லை, ஏன் என்ற குறிப்புகள் ஆகியவற்றை அதில் வையுங்கள். ஜூன் கடைசியில் பதக்கத்தோடு இந்தக் கோவையும் கைமாறட்டும். புதியவர் ஜூலை முதற் கிழமையே அந்தப் பட்டியலோடு ஒவ்வொரு வீட்டுக்கும் பாடசாலைக்கும் பழையவருடன் சேர்ந்து ஒருமுறை நேரில் போய்வரட்டும்.